கை கழுவச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? கொழும்பு ஆஸ்பத்திரித் தாதி ஒருவரின் கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

வாசகர் கேள்வி
8 மே 2025, இரவு 9.40

கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறேன். மே 5 கைச் சுகாதார நாளுக்கு மண்டபத்தில் 2 மணி நேர விரிவுரை வைத்தார்கள். ஸ்லைட் முடிகிற பாடாக இல்லை. கையெழுத்து வாங்கினார்கள், பற்றீஸும் பால் தேநீரும் தந்தார்கள், சான்றிதழும் தந்தார்கள். மறுநாள் காலை ரவுண்டில் பெரிய டொக்டர் ஆறு நோயாளிகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஒருமுறைகூடக் கை கழுவவில்லை. பின்னால் நின்ற நாங்களும் கழுவவில்லை. தொற்றுத் தடுப்புப் பயிற்சி என்பது கோப்பை நிரப்புகிற வேலை, அவ்வளவுதான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

குறிப்பு 1
8 மே, இரவு 11.15

இல்லை என்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி சரி.

நான் 1990இல் தாதியானேன். 2003இலிருந்து போன வருடம் ஓய்வு பெறும் வரை கொழும்பு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தராக இருந்தேன். மண்டபத்தில் ஸ்லைட் போட்டவர்களில் நானும் ஒருத்தி. கை சுத்தம் செய்யவேண்டியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களை எத்தனை தடவை படிப்பித்திருப்பேன் என்று கணக்கில்லை. நோயாளியைத் தொடுமுன், சுத்தமாகச் செய்யவேண்டிய வேலைக்கு முன், இரத்தமோ உடல் திரவமோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். கேட்டால் எல்லோரும் வாய்ப்பாடு போல ஒப்புவிப்பார்கள்.

ஒரு காலை விடுதியின் (வார்டின்) மூலையில் நின்று ஒரு தாதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பிள்ளை, வேலையில் சுறுசுறுப்பு. கனுலா, அதாவது மருந்து ஏற்ற நரம்பில் விடும் மெல்லிய குழாய், போடவேண்டும். கை கழுவினாள். பெருவிரல், விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் ஒழுங்காகத் தேய்த்தாள். பிறகு பிளாஸ்டரை நாலு துண்டாகக் கிழித்துக் கட்டில் கம்பியில் வரிசையாக ஒட்டிவைத்தாள். கையுறை போட்டாள். அந்தக் கையாலேயே திரையை இழுத்தாள், மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினாள். ஊசி ஏற்றும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, நரம்பு இருக்கிறதா என்று சுட்டுவிரலால் இன்னொருமுறை அதே இடத்தைத் தடவினாள். கனுலா முதல் தடவையிலேயே ஏறியது. கம்பியிலிருந்த பிளாஸ்டரை எடுத்து, ஊசி துளைத்த இடத்தின் மேலேயே ஒட்டினாள்.

விடிந்ததிலிருந்து அந்தக் கம்பியை நோயாளி பிடித்திருக்கிறார், மகள் பிடித்திருக்கிறாள், சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவர் பிடித்திருக்கிறார், நாலு டொக்டர்மார் சாய்ந்து நின்றிருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் அவளிடம் ஐந்து தருணங்களையும் கேட்டேன். பிழையில்லாமல் சொன்னாள்.

அதனால் பயிற்சி வீண் என்று நான் சொல்லமாட்டேன். மண்டபத்தில் நடந்தது பயிற்சியே அல்ல, அறிவித்தல் என்பேன். கட்டிலருகே நின்று, அந்தக் கம்பியைத் தொட்டுக் காட்டி, "இந்த பிளாஸ்டர் இப்போது எங்கிருந்து வருகிறது, பார் பிள்ளை" என்று சொல்வதுதான் பயிற்சி.

குறிப்பு 2
9 மே, காலை 6.10

நேற்று நேரத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. 40 நோயாளிகளுக்குக் காய்ச்சலும் பிரஷரும் பார்க்கும் சுற்று என்று வையுங்கள். ஒவ்வொருவரையும் தொடுமுன் ஒன்று, தொட்டபின் ஒன்று, ஆக 80 தடவை. சோப்பும் தண்ணீரும் என்றால் ஒரு தடவைக்கு 40 முதல் 60 விநாடி. 80 நிமிடம் வரை கை கழுவவே போய்விடும். நான் வேலை செய்த ஒரு விடுதியில் 42 கட்டிலுக்கு இரண்டு பேசின், அதில் ஒன்றில் தண்ணீர் வராது. டெங்கு உச்சத்தில் இருந்த 2017இல், நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் நோய் வந்த வருடம், கட்டில் போதாமல் தரையிலும் பாய் விரித்திருந்தோம். அந்த விடுதியில் நின்றுகொண்டு ஒரு தாதியைப் பார்த்து "ஏன் கழுவவில்லை" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

குறிப்பு 3
9 மே, பகல் 1.05

ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கீழே என் கணக்கைத் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி. ஒரு நோயாளியை விட்டு நேரே அடுத்தவரிடம் போனால், இவருக்குப் பின் கழுவுவதும் அவருக்கு முன் கழுவுவதும் ஒன்றுதான். 40 பேருக்கு 41 தடவை போதும். அல்கஹோல் கைத்தேய்ப்பு என்றால் 20 முதல் 30 விநாடி. மொத்தம் 21 நிமிடத்துக்கு உள்ளே. தேய்த்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்கு நடக்கலாம்.

இதைச் சின்னத் திருத்தம் என்று விட எனக்கு மனமில்லை. அந்த 80 நிமிடக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் விடுதியில் பாதிப் பேர் "இது நடக்கிற காரியமா" என்று ஆரம்பத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டுவதும் பயிற்சிதான்.

ஆதாரம் கேட்டவருக்கு: ஜெனீவாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் டிடியே பிட்டே குழுவினர் 1994இலிருந்து 1997 வரை செய்த வேலை 2000இல் வெளியானது. கை சுத்தம் 48 சதவீதத்திலிருந்து 66 சதவீதத்துக்கு ஏறியது, ஆஸ்பத்திரியில் பிடிக்கிற தொற்றும் குறைந்தது. விரிவுரையால் மட்டும் வந்ததல்ல அது. கைத்தேய்ப்புப் போத்தல் கட்டிலருகே வந்தது, சட்டைப் பையிலும் வந்தது. ஊழியர்களோடு சேர்ந்து செய்த சுவரொட்டிகளை மாற்றி மாற்றி ஒட்டினார்கள். ஆள் நின்று பார்த்து, எத்தனைக்கு எத்தனை என்று விடுதிக்கே திருப்பிச் சொன்னார்கள். நிர்வாகம் பின்னால் நின்றது. இவ்வளவும் செய்தும் மூன்றில் ஒரு தடவை கை சுத்தம் தவறித்தான் போனது. அதைப் பார்த்த பிறகு ஒருவரையும் சோம்பேறி என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை.

குறிப்பு 4
10 மே, இரவு 10.30

டொக்டர் செம்மல்வைஸ் பெயரை ஒருவர் எடுத்ததால் இது.

வியன்னாவில் 1847. ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ விடுதிகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவிச்சிகள். மாணவர்கள் பிரேத அறையில் அறுத்துவிட்டு நேரே பிரசவத்துக்கு வருவார்கள். அந்த விடுதியில்தான் தாய்மார் கூடுதலாகச் செத்தார்கள். அங்கே வேலை செய்த செம்மல்வைஸ், வாசலில் குளோரின் கலந்த தண்ணீர் வைத்துக் கைகழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீதத்துக்கு இறங்கியது.

இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுகிறோம். மண்டபத்தில் நானும் இங்கேதான் நிறுத்துவேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டியது. அவர் நின்று பார்க்கும்போது கழுவினார்கள். 1850இல் அவர் வியன்னாவை விட்டுப் போனார், பழக்கம் அங்கே வேரூன்றவில்லை. பல வருடம் கழித்து, 1861இல்தான் புத்தகம் எழுதினார். ஏற்காத பேராசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி அவர்களைக் கொலைகாரர் என்றார். ஐரோப்பா கேட்கவில்லை. 1865இல் மனநோய் விடுதியில், காயத்தில் தொற்று ஏறி இறந்தார். அவர் கண்டது முழுக்க உண்மை. அதைக் கற்பிக்கும் வழி அவருக்குக் கிடைக்கவில்லை. கை நடுங்கும் தாதியிடம் நான் குரலை உயர்த்திய நாட்களும் உண்டு. அப்படியான நாளில் வீட்டுக்கு வந்தால் இவர் நினைவுதான் வரும்.

குறிப்பு 5
11 மே, பகல் 3.20

இதுவரை தாதியையும் டொக்டரையும் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறோம். விடுதியில் எல்லாவற்றையும் தொடுகிறவர் யார்? கட்டில் கம்பி, லொக்கர், கதவுப் பிடி, கழிவறை, நிலத்தில் சிந்திய இரத்தம், குப்பைப் பை. சுத்திகரிக்கும் ஆள். இப்போது பல ஆஸ்பத்திரிகளில் இவர்கள் வெளிக் கம்பனி மூலம் வருகிறவர்கள். மூன்று மாதத்தில் ஆள் மாறிவிடும். கொழும்பில் இவர்களில் எத்தனையோ பேர் தமிழ் பேசுகிறவர்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறையில் இருக்கிறவர்கள். பயிற்சி சிங்களத்தில் நடக்கும், சுவரொட்டி சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ் 1987இலேயே அரசகரும மொழியாகிவிட்டது. ஆனால் நான் வேலை செய்த ஒரு இடத்தில் பேசினுக்கு மேலே தமிழில் ஒரு வரி ஒட்ட எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருக்கும் நினைவு வரவில்லை.

ஒரு அக்கா இருந்தார். அட்டன் பக்கம். 50 வயது இருக்கும். பயிற்சி வரவில் மூன்று வருடமும் அவர் கையெழுத்து இருந்தது. ஒருநாள் அவர் வாளியில் கிருமிநாசினி கலப்பதைப் பார்த்தேன். குளோரின் கலனைத் திறந்து, சும்மா சரித்து, முகர்ந்து பார்த்து, "சரி" என்றார்.

"எவ்வளவு விட வேண்டும் என்று சொன்னார்கள் அக்கா?"

"ஒரு மூடின்னாங்க மிஸ். எந்த மூடின்னு சொல்லலியே. அப்ப சின்ன போத்தல் வந்துச்சு, இப்ப பெரிய கேன் வருது. அந்த மூடியில ஒண்ணு விட்டா கண்ணெல்லாம் எரியுது. அதான் வாசம் வர்ற அளவுக்கு விட்டுக்கிறது."

எனக்குக் கை கால் ஓடவில்லை. மூன்று வருடமாக விரிவுரையில் "ஒரு மூடி" என்றுதான் மொழிபெயர்ப்பாகிப் போயிருக்கிறது. போத்தல் மாறியதை ஒருவரும் யோசிக்கவில்லை. அவர் யோசித்திருக்கிறார். கேட்க ஆள் இல்லை, கேட்க மொழியும் இல்லை. மூக்கை நம்பியிருக்கிறார்.

அன்று மாலையே வாளியோடு உட்கார்ந்தோம். 1 பங்கு குளோரின் திரவம், 9 பங்கு தண்ணீர். மார்க்கரால் கோடு போட்டால் இரண்டு நாளில் குளோரின் அதை அழித்துவிடும். அடுத்த நாள் அவர் மகளின் நகப்பூச்சைக் கொண்டுவந்தார், சிவப்பு. வாளியின் உள்பக்கம் இரண்டு கோடு இழுத்தார். கீழ்க் கோடு வரை மருந்து, மேல் கோடு வரை தண்ணீர். எழுத்துத் தெரியாதவர் வந்தாலும் விளங்கும். சிங்களம் பேசுகிறவருக்கும் விளங்கும். ஒரு வாரத்தில் மற்ற விடுதிகளிலிருந்து வாளிகளை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தார்கள்.

குறிப்பு 6
11 மே, இரவு 9.00

மேலே அவசரத்தில் ஒன்றைக் கலந்து எழுதிவிட்டேன். யாரும் அப்படியே எடுத்துச் செய்யவேண்டாம். சிவப்புக் கோடு போட்டது இரத்தம் சிந்தினால் எடுக்கும் சின்ன வாளிக்கு. 5 சதவீதக் குளோரின் திரவத்தில் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் விட்டால் 0.5 சதவீதம் வரும். இரத்தத்துக்கு அதுதான். சாதாரண மேற்பரப்புக்கு 0.1 சதவீதம் போதும், அதாவது 10 லீற்றர் கலவைக்கு அதே திரவம் 200 மில்லிலீற்றர். தரை வாளிக்கு நாங்கள் நீல நகப்பூச்சால் வேறு கோடு போட்டோம்.

அப்புறம் முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுக்கவேண்டும். அழுக்கின் மேல் குளோரின் ஊற்றினால் அது அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். கலந்ததை நாளைக்கு என்று வைக்கக்கூடாது, வீரியம் போய்விடும். கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்கக்கூடாது, நச்சு வாயு கிளம்பும். சின்னக் கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் ஊற்றி மூச்சுத் திணறி ஓடிவந்த ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

குறிப்பு 7
12 மே, இரவு 8.45

இன்று வெசாக், புத்த பண்டிகை. வெள்ளவத்தையிலிருந்து நடந்து பம்பலப்பிட்டி வரை வெசாக் விளக்குக் கூடு பார்த்துவிட்டு வந்தேன். இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் ஒரு தன்சலில் சாப்பாட்டு வரிசையின் தலைமாட்டில் ஒரு பையன் சோப்பும் வாளியும் வைத்துக்கொண்டு நின்றான், ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றினான். ஒருவரும் மறுக்கவில்லை. தண்ணீர் கைக்கு வந்தது, அதனால் கழுவினார்கள். விடுதியில் பேசினைத் தேடி நாம் போகவேண்டியிருக்கிறது.

நோயாளியோடு துணைக்கு நிற்கிறவர்களையும் இங்கே நினைத்துக்கொண்டேன். தன் அம்மாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு, பக்கத்துக் கட்டில் ஆச்சிக்கும் ஆள் இல்லையே என்று அவருக்கும் வாய் துடைத்துவிடுவார்கள். நல்ல மனசால் செய்வது. அந்த நல்ல மனசோடுதான் கிருமியும் கட்டில் தாண்டும். "ஆச்சிக்கும் உதவி செய்யுங்கோ, இடையில் இதை ஒருக்கால் தேய்ச்சுக்கொள்ளுங்கோ" என்று போத்தலைக் கையில் கொடுத்தால் போதும். தடுக்கவேண்டியதில்லை.

குறிப்பு 8
16 மே, இரவு 10.10

கொரோனாக் காலத்தில் கொடுத்த பயிற்சி பலித்தது, ஏன் என்று ஒருவர் கேட்டார். பயம் ஒரு காரணம்தான். ஆனால் பயம் மட்டும் இல்லை.

2020 ஜனவரி 27இல் இலங்கையின் முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். அங்கொடை தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். மார்ச் 10இல் உள்ளூர் ஆள் ஒருவருக்கு வந்தது. அந்த இடைப்பட்ட நாட்களில் நாங்கள் எல்லோரும் இரவு பகலாகப் பாதுகாப்பு உடை போடவும் கழற்றவும் பழக்கிக்கொண்டிருந்தோம். போடுவது எளிது. கழற்றும்போதுதான் ஆபத்து. வெளிப்பக்கம் முழுக்க அழுக்கு, உள்ளே வியர்வை, கண்ணாடி மங்கி, ஆள் களைத்து, எப்படா வெளியே வருவோம் என்று இருக்கும் நேரம்.

மினுங்கும் பசையும் நீல விளக்கும் கொண்ட பயிற்சிப் பெட்டி எங்களிடம் இல்லை. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துக் கையுறையில் பூசினோம். மஞ்சளுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து விலை ஏறிக்கொண்டிருந்த காலம், வீட்டிலிருந்து ஒரு சிமிழில் கொண்டுபோனேன். பூசிக்கொண்டு உடையைக் கழற்றச் சொன்னேன். பிறகு கண்ணாடி முன் நிறுத்தினேன். 20 வருட அனுபவமுள்ள ஒரு சிஸ்டருக்கு மணிக்கட்டில் ஒரு மஞ்சள் வளையம். ஒரு டொக்டருக்குக் காதின் பின்னால், மாஸ்க் நாடாவை இழுத்த இடத்தில். ஒரு சிற்றூழியத் தம்பிக்குக் கழுத்தில் மூன்று விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வீட்டில் பிள்ளை இந்தக் கழுத்தில்தான் தொங்கும்" என்றார். ஒருவரும் பேசவில்லை.

அடுத்த தடவை இரண்டு இரண்டு பேராக நிறுத்தினோம். ஒருவர் கழற்றுவார். மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு படியைச் சத்தமாக வாசிப்பார், சிங்களத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். வாசித்து முடியாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. மாஸ்க் கடைசி, அறைக்கு வெளியே வந்தபின். எபோலாவுக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் செய்ததும் இப்படித்தான், பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்தார். வாசிப்பவர் சிற்றூழியராகவும் கழற்றுபவர் டொக்டராகவும் இருந்த தடவைகள் உண்டு. "நில்லுங்க சேர், இன்னும் கையைத் தேய்க்கல" என்று அந்தத் தம்பி சொன்னதும் டொக்டர் நின்றார். அப்படி ஒரு காட்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

குறிப்பு 9
17 மே, காலை 7.00

அந்தக் காலம் ஒரு கெட்ட பழக்கத்தையும் விட்டுப்போனது: கையுறை. ஒரே கையுறையோடு ஆறு கட்டில் போவது. கையுறை போட்டவருக்குத் தன் கை சுத்தம் என்ற நினைப்பு, நோயாளிக்கு அது அழுக்குக் கைதான். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்து கையுறையைக் கணக்குப் பார்த்துத் தந்தபோதுதான் காய்ச்சல் பார்க்கவும் பிரஷர் பார்க்கவும் சோறு ஊட்டவும் அது தேவையே இல்லை என்பதைப் பலருக்கு விளங்கவைக்க முடிந்தது.

அல்கஹோல் எல்லாவற்றையும் கொல்லும் என்று நான் சொன்னதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. வயிற்றோட்டம் தரும் குளொஸ்ட்ரிடியொயிடிஸ் டிபிசில் மாதிரி வித்து உண்டாக்கும் கிருமியை அது கொல்லாது. வயிற்றோட்ட நோயாளி என்றாலோ, கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலோ சோப்பும் தண்ணீரும்தான்.

குறிப்பு 10
21 மே, இரவு 11.50

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

1991. இரவு வேலை. ஒரு நோயாளிக்கு இரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடி போட்டேன், அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தோம். மூடியைத் துளைத்து இடது சுட்டுவிரலில் ஏறியது. ஒரு சொட்டு. பஞ்சால் துடைத்துவிட்டு மிச்ச வேலையைச் செய்தேன். சிஸ்டரிடம் சொல்லவில்லை. போன மாதம் இன்னொரு பிள்ளைக்குக் குத்தியபோது எல்லோர் முன்னாலும் "கண் எங்கே இருந்தது" என்று கேட்டதை நான் பார்த்திருந்தேன். இரண்டு நாள் கழித்து, தூக்கம் வராமல், சொன்னேன். எனக்கு ஹெபடைடிஸ் பி என்ற மஞ்சள்காமாலைக்குத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. ஆறு மாதம் இரத்தம் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆறு மாதமும் அம்மாவின் கோப்பையில் தேநீர் குடிக்காமல் இருந்தேன். அப்படிப் பரவாது என்று தெரியும். தெரிந்தும் குடிக்கவில்லை. கடைசியில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

தடுப்பூசி இல்லாதவருக்கு ஹெபடைடிஸ் பி உள்ள இரத்தத்தின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 100க்கு 6 முதல் 30 வரை. எச்ஐவி என்றால் 1000க்கு 3. இப்போது வழி இருக்கிறது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றித் தேய்க்காதீர்கள். உடனே சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணிக்குள் தொடங்கவேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது. நான் வாய்திறக்காமல் இருந்த அந்த இரண்டு நாள் இன்றைக்கு ஒருவருக்கு உயிர்.

இந்தக் கதையைப் பயிற்சியில் சொல்ல எனக்குப் பல வருடம் எடுத்தது. முதல் தடவை சொன்ன அன்று பின் வரிசையில் ஒரு கை எழுந்தது. சுத்திகரிக்கும் பெண். "மிஸ், எனக்குப் போன மாசம் குத்திச்சு." கறுப்புப் பையைக் கட்டும்போது தொடையில். கறுப்புப் பை சாதாரணக் குப்பைக்கு. ஊசி போகவேண்டியது சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பெட்டிக்கு, அதுவும் முக்கால் நிரம்பியதும் மூடிவிடவேண்டும். பெட்டி நிரம்பி வழிந்ததால் எங்களில் யாரோ ஒரு தாதி கறுப்புப் பையில் போட்டிருக்கிறார். பிழை எங்களுடையது, குத்து அவளுக்கு. வேலை போய்விடும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். அன்றே கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குத் தடுப்பூசியே போட்டிருக்கவில்லை, கம்பனி ஆள் என்பதால் பட்டியலில் இல்லை. மூன்று ஊசியும் போட்டு முடியும் வரை ஒவ்வொரு தடவையும் நானே கூட நின்றேன்.

குறிப்பு 11
25 மே, பகல் 12.30

கேள்வி கேட்ட தங்கச்சி திரும்பி வந்து எழுதியிருக்கிறார். காலை வேலை கையளிக்கும் நேரத்தில், ஒரு கட்டிலருகே, 10 நிமிடம், கனுலா ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டினாராம். எல்லோரும் கேட்டார்கள், பெரிய டொக்டர் மட்டும் மாறவில்லை என்கிறார்.

முன்பெல்லாம் இதற்கு நான் சொல்லும் பதில், பெரியவர்களை எல்லோர் முன்னும் திருத்தாதீர்கள், இன்டர்ன் டொக்டரிடம் கைத்தேய்ப்புப் போத்தலைக் கொடுத்து ஒவ்வொரு கட்டிலிலும் அவர் பக்கம் நீட்டச் சொல்லுங்கள் என்பது. அது வேலை செய்யும், நீட்டினால் எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் கீழே ஒருவர், "இது அவருக்குப் பணிவிடை செய்வது, அவர் கற்றுக்கொள்வதல்ல" என்று எழுதியிருக்கிறார். இரண்டு நாளாக அது மனதில் ஓடுகிறது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீட்டுகிற ஆள் லீவு போட்ட அன்று எல்லாம் பழையபடிதான். செம்மல்வைஸ் வியன்னாவை விட்டுப் போனதும் நடந்தது அதுதானே.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள் தங்கச்சி. ரவுண்டுக்கு முன் தனியாகப் போய்க் கேளுங்கள்: "சேர், மறந்தால் நாங்கள் 'சேர், கை' என்று மட்டும் சொல்லலாமா?" அவர் வாயாலேயே சரி என்று வாங்கிவிடுங்கள். பிறகு சொல்வது தாதியோ சிற்றூழியரோ, அது அவர் தந்த அனுமதி. இதற்கு முகத்தைச் சுளித்த டொக்டர்மாரையும் கண்டிருக்கிறேன். சுளித்துக்கொண்டே கையைத் தேய்த்தார்கள்.

குறிப்பு 12
31 மே, மாலை 5.40

நகப்பூச்சு அக்கா நேற்றுப் போனில் கோல் எடுத்தார். இப்போது வேறொரு ஆஸ்பத்திரியில் கம்பனி மேற்பார்வையாளராக இருக்கிறார். புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தமிழில் அவரே காட்டிக்கொடுக்கிறார்: மேலிருந்து கீழே, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கம், கம்பி முதலில், கழிவறை கடைசி, கழிவறைத் துணி விடுதிக்குள் வரக்கூடாது.

நான் இங்கே எழுதிய பிளாஸ்டர் கதையை அவரிடம் சொன்னேன். சிரித்தார். "மிஸ், அதை டெய்லி உரிக்கிறது நாங்கதானே. மிஸ்ஸிமாருங்க பாதியை ஒட்டுவாங்க, பாதியை மறந்துட்டுப் போயிருவாங்க. நகம் வச்சு உரிக்கணும்." எத்தனையோ வருடம் கம்பியைப் பார்த்தவள் நான், மிச்சத் துண்டுகளை யார் எடுக்கிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். போன மாதம் ஒரு வாரம் முழுக்க உரித்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டியிருக்கிறார், ஒட்டும் பக்கம் மேலே தெரியும்படி. தூசு, முடி, காய்ந்த சோற்றுப் பருக்கை. தாள் நிறைந்ததும் சிஸ்டரின் மேசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். ஒன்றும் பேசவில்லையாம், பேசுமளவுக்குச் சிங்களம் வராது. சிஸ்டர் அந்தத் தாளைக் காலையில் கையளிக்கும் நேரத்தில் எல்லோருக்கும் பிடித்துக் காட்டினாராம். அன்றிலிருந்து கனுலா தட்டில் பிளாஸ்டர் வைக்க ஒரு சுத்தமான சின்னக் கிண்ணம் வந்திருக்கிறது.

அடுத்த வாரத் தாளில் இரண்டு வரிதானாம். படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.